தலைவாஸுக்குப் புது கோச்: என் பங்குக்கு நானும் சொல்கிறேன்



ஆடித்தபசு முடிந்த கையோடு ஊரில் கொஞ்சம் அமைதி இருக்கும் என்று நினைத்தேன். ஃபோனில் அமைதி இல்லை. ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே கபடிப் பேச்சு. வருகிற வெள்ளிக்கிழமை, 2025 ஆகஸ்ட் 29, விசாகப்பட்டினத்தில் புரோ கபடி 12-ஆவது சீசன் ஆரம்பம். முதல் ஆட்டமே தெலுங்கு டைட்டன்ஸுக்கும் நம் தமிழ் தலைவாஸுக்கும். அதனால் சூடு கொஞ்சம் அதிகம்தான்.

பேச்சு எல்லாம் புது கோச் சஞ்சீவ் பாலியானைப் பற்றி. "இனிமே நம்ம டிஃபென்ஸ் நின்னுட்டு இருக்காது சார், ஏறி அடிக்கும்" என்று துபாயிலிருந்து ஒருவன். "ஏறி ஏறித்தான் போன வருஷம் புள்ளியெல்லாம் வாரிக் கொடுத்தோம்" என்று கோயம்புத்தூரிலிருந்து இன்னொருவன். என் தம்பி மகன் ஒரே இரவில் பதினேழு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான். அதைக் கேட்க அரை மணி நேரம் ஆயிற்று. "பெரியப்பா, நீங்க சொல்லுங்க" என்று எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு வரி. சொல்கிறேன். நான் கணக்கு வாத்தியார். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த வருஷங்களில் பள்ளிக் கபடி அணியை அழைத்துக்கொண்டு சுற்றியவன், ஸ்கோர் ஷீட் எழுதியவன். அந்த அளவுக்குத்தான் எனக்கு உரிமை உண்டு.

முதலில் பாலியான் யார் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவோம். 2022-இல் 9-ஆவது சீசனில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் கோப்பை வாங்கியபோது அந்த அணிக்குக் கோச் இவர்தான். இறுதிப் போட்டியில் புனேரி பல்தானை 33-29 என்று வென்றார்கள். ரெய்டுக்கு அர்ஜுன் தேஷ்வால் இருந்தார், சரி. ஆனால் அந்த அணியை நான் டிவியில் பார்த்துப் பார்த்து ரசித்தது பிடிக்காகத்தான். இடது கார்னரில் அங்குஷ். அந்த சீசனில் 89 டேக்கிள் புள்ளி, போட்டித் தொடரின் சிறந்த தடுப்பாட்டக்காரர். வலது கார்னரில் சாகுல் குமார். நடுவில் கேப்டன் சுனில் குமாரும் ஈரானிலிருந்து வந்த ரெசா மிர்பகேரியும். ரெய்டர் உள்ளே வந்தால் நாலு பக்கமும் கதவு சாத்திக்கொள்ளும். இப்போது அதே கோச், அதே அர்ஜுன் தேஷ்வால் (1 கோடியே 40 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே), இரண்டு பேரும் தலைவாஸில். அதனால் நம் பிள்ளைகள் துள்ளுவதில் தப்பில்லை.

இதற்கு முந்தைய சீசனில் நமக்கு உதயகுமார் கோச், வியூகத்துக்கு நம் தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதன். சேரலாதனைத் தெரியாதவர்கள் குழுவில் இருந்தால் பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாக நின்று கோப்பை வாங்கியவர். நாற்பதைத் தாண்டிய பிறகும் மேட்டில் நின்று இருபது வயதுப் பிள்ளைகளைப் பிடித்தவர். அவர் பிடி பாய்ச்சல் பிடி இல்லை. நிற்பார். ரெய்டர் அவரை மறந்துபோகும் வரை நிற்பார். அப்புறம் கால் போய்விடும். வடக்கத்திப் பிள்ளைகளும் அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவ்வளவு அனுபவம் பக்கத்தில் இருந்தும் 11-ஆவது சீசனில் நாம் பிளே ஆஃபுக்குப் போகவில்லை. இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனியுங்கள். அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது யாருக்கு? நம் நிதேஷ் குமாருக்கு. 77 டேக்கிள் புள்ளி. லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரன் நம் அணியில் இருக்கிறான், அணி ஒன்பதாவது இடத்தில் இருக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே? "பிடி போதாது, இன்னும் ஏறிப் பிடிக்கணும்" என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு கணக்குக்கு முதலில் விடை சொல்லட்டும்.

நான் விடை சொல்லிப் பார்க்கிறேன். பழைய வழக்கப்படி கரும்பலகை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின் பெஞ்சில் இருப்பவர்களும்தான்.

ரெய்டர் உள்ளே வந்து இன்னும் யாரையும் தொட எத்தனிக்கவில்லை. அதற்குள் கார்னரில் இருப்பவன் இடத்தை விட்டுவிட்டு முன்னால் பாய்கிறான். இதைத்தான் வர்ணனையாளர்கள் அட்வான்ஸ் டேக்கிள் என்கிறார்கள். பத்து தடவை பாய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாலு தடவை மாட்டுகிறது, ஆறு தடவை தப்புகிறது. நமக்கு நாலு, அவர்களுக்கு ஆறு. அத்தோடு போயிற்றா? பக்கத்தில் கை கோத்து நின்றவனும் பாய்ந்தவனைப் பார்த்துத் தானும் பாய்வான். ரெய்டர் இரண்டு பேரையும் தொட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டிவிடுவான். அப்போது ஆறு என்பது எட்டோ ஒன்பதோ ஆகும். ஐந்துக்கு ஐந்து என்று மாட்டினாலும், பார்க்கச் சமம் மாதிரி இருக்கும், ஆனால் சமம் இல்லை.

மறுபக்கமும் ஒரு கணக்கு உண்டு. நான் ஒருதலையாகப் பேச மாட்டேன். பிடிபட்ட ரெய்டர் வெளியே உட்கார வேண்டும். அவன் அணி புள்ளி எடுத்து அவனை மீட்கும் வரை உட்கார வேண்டும். எதிரணியின் பெரிய ரெய்டரைப் பிடித்தால் ஸ்கோர் போர்டில் ஒன்றுதான் ஏறும், ஆனால் அவன் நாலு நிமிஷம் வெளியே இருந்தால் அந்த நாலு நிமிஷமும் நம்முடையது. போன டிசம்பர் 29 இறுதிப் போட்டியை யாரெல்லாம் பார்த்தீர்கள்? பாட்னாவில் தேவாங்க். அந்த சீசனில் 301 ரெய்டு புள்ளி எடுத்த பையன். ஹரியானா ஸ்டீலர்ஸ் அவனை ஆடவே விடவில்லை. பாட்னா மொத்தமே 23 புள்ளி, ஹரியானா 32. கோப்பையைப் பிடி வாங்கிக் கொடுத்தது. ஈரான்காரர் ஷாத்லூயி அந்த அணியில் இருந்தார். அவர் ஏறிப் பிடிக்கிறவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பாயும்போது மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அதை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

ஆக, யார் மேல் பாய்வது என்பது ஒரு கேள்வி. எப்போது பாய்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நம் ஆட்கள் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. மேலே சொன்ன அதே நாலுக்கு ஆறு கணக்கை இங்கே போடுங்கள். எட்டுக்கு ஆறு ஆகிறது. அங்கே நஷ்டமான பாய்ச்சல் இங்கே லாபம். டூ ஆர் டை ரெய்டில் நேர்மாறு. ரெய்டர் வெறுங்கையோடு திரும்பினாலே அவன் அவுட், நமக்கு ஒரு புள்ளி. முப்பது விநாடி சும்மா நிற்பதற்குக் கூலி ஒரு புள்ளி! அந்த நேரத்தில் போய்ப் பாய்ந்து மாட்டிக்கொள்கிறார்கள் பாருங்கள், எனக்கு நெஞ்சு வலிக்கும். வீட்டில் அவள் ரிமோட்டை ஒளித்து வைத்துவிடுவாள்.

நிதேஷின் 77 புள்ளிக்கும் ஒன்பதாவது இடத்துக்கும் நடுவில் என்ன இருந்தது என்று கேட்டால் என் பதில் இதுதான்: ஒருவன் பிடிப்பது பிடி அல்ல. நாலு பேர் ஒரே மூச்சில் முடிவெடுத்தால்தான் பிடி. போன சீசனில் அந்த ஒரே மூச்சை நான் அதிகம் பார்க்கவில்லை. ஒருவன் பாய்வான், மற்றவன் யோசிப்பான். ரெய்டிலும் குறை இருந்தது. 2 கோடியே 15 லட்சம் கொடுத்து சச்சினை எடுத்தோம், அந்த விலைக்கு நாம் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ஆனால் அதைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

"மன்பிரீத் மாதிரி கத்துற கோச் வேணும் சார், நம்ம ஆளுங்க ரொம்ப சாது" என்று எழுதிய மாணவனுக்கு ஒரு வார்த்தை. மன்பிரீத் சிங் டைம் அவுட்டில் கத்துவதை நானும் விரும்பிப் பார்ப்பேன். ஹிந்தி எனக்கு அரைகுறை. ஆனாலும் புரியும், அவர் கையும் கண்ணும் பேசும். ஆனால் அந்த மனிதர் குஜராத் கோச்சாக இரண்டு இறுதிப் போட்டியிலும் ஹரியானா கோச்சாக ஒரு இறுதிப் போட்டியிலும் தோற்றுவிட்டுத்தான் நாலாவது தடவை கோப்பையைத் தொட்டார். மூன்று தோல்வியிலும் இதே மாதிரி கத்தினார். கத்தல்தான் கோப்பை வாங்கும் என்றால் நம் பள்ளிக்கூடத்துக்கு மாவட்டக் கோப்பை என் காலத்திலேயே வந்திருக்க வேண்டும்.

இப்போது அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். போட்டி எங்கே, எது என்பதெல்லாம் வேண்டாம். நம் அணியில் வலது கார்னரில் ஒரு பிளஸ் டூ பையன். பெயர் சொல்லவில்லை. கரிசலும் செம்மண்ணும் கலந்த நம் மைதானத்தில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன். பேச்சே கிடையாது. பிடியும் அப்படித்தான். ரெய்டர் எதிர்க் கார்னரைப் பார்த்துக் கால் நீட்டும் வரை அசையமாட்டான். அப்புறம் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான். மின்னொளி கபடிப் போட்டிகளில் பெரிய டீம்கள் அவனைக் கேட்டு ஆள் அனுப்புவார்கள். சுற்று வட்டாரத்தில் சுழற்கோப்பை வைத்த ஊரெல்லாம் அவனுக்குத் தெரியும்.

அன்றைக்குக் கடைசி ஐந்து நிமிஷம். நாம் இரண்டு புள்ளி முன்னால். கூட்டம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. எதிரணியில் ஒரு கெட்டிக்கார ரெய்டர் வந்து நேரத்தை ஓட்டாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "நிக்காதல! ஏறி அடில!" என்று.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு விநாடிதான் பார்த்தான். அந்தப் பார்வையில் "வேண்டாம் சார்" என்பது இருந்தது. இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வாத்தியார் சொல்லி மீறுகிற பிள்ளை இல்லை அவன். பாய்ந்தான். பக்கத்தில் இருந்த கவர் பையன் இவன் பாய்வான் என்று எதிர்பார்க்கவில்லை. அவனும் குறுக்கே வந்து விழுந்தான். இரண்டு பேர் எடையும் ஒரு முழங்காலில் இறங்கியது.

அந்த ஆட்டத்தை ஒரு புள்ளியில் தோற்றோம். அது கிடக்கட்டும். அடுத்த வருஷம் போலீஸ் தேர்வுக்கு எழுதியிருந்தான். உயரம், மார்பளவு எல்லாம் சரியாக இருந்தது. ஓட்டத்தில் கால் மடங்கிவிட்டது. கட்டுப் போட்டது ஒரு இடம், எண்ணெய் போட்டது ஒரு இடம், அந்தக் காலத்தில் நமக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். இன்றைக்கு நம் பிள்ளைகள் எம்.ஆர்.ஐ. எடு, லிகமென்ட் பார் என்கிறார்கள். அன்றைக்கு அந்த வார்த்தையே நான் கேட்டதில்லை.

அவன் சங்கரன்கோவிலில் கடை வைத்து நன்றாக இருக்கிறான். பிள்ளைகள் படித்துவிட்டார்கள். என்னைப் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து நிற்பான், அந்தக் காலை ஊன்றி. ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தப் பதிவையும் படிப்பான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா பேரன் ஃபோன் செய்தான். கல்லூரி அணியில் அவனும் வலது கார்னர். "தாத்தா, எங்களுக்குப் புதுசா ஒரு டிஃபென்ஸ் கோச் வந்திருக்கார். செம ஆளு. ஆனா நிக்கவே விடமாட்டேங்கார். ஏறு, ஏறு, ஏறுன்னு ஒரே சத்தம். தப்பு விட்டா உடனே வெளிய உக்கார வச்சிருதார். நான் நின்னு பிடிக்கிறவன் தாத்தா, என்ன செய்ய?" என்றான். குழுவில் நீங்கள் போடும் சண்டை டிவியில் ஆடும் ஆட்களைப் பற்றியது. இவன் கேட்டது இவன் முழங்காலைப் பற்றி. ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கோச் சொல்றதைக் கேளுடே. அவர் உனக்குக் கெடுதல் செய்ய வரல. ஆனா எப்போ ஏறணும், ஏறும்போது உன் பக்கத்துல கவர்ல நிக்கிறவன் என்ன செய்யணும், ரெண்டையும் சேர்த்துச் சொல்லித்தரச் சொல்லு. பணிவாக் கேளு. சொல்லித்தந்தா தைரியமா ஏறு. சொல்லித்தராம வெறும் சத்தம் மட்டும் போட்டா, எனக்கு ஃபோன் போடு, நான் பஸ் ஏறி வாரேன்" என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பாலியானைப் பற்றியும் என் அபிப்பிராயம் அதுதான். அவர் பாயச் சொல்வாரா, நிற்கச் சொல்வாரா என்பதை வைத்து நான் மதிப்பெண் போடப்போவதில்லை. நிதேஷ் ஒரு தடவை தப்பாகப் பாய்ந்து புள்ளி விட்டால், அடுத்த டைம் அவுட்டில் அந்தக் கோச் அவன் முகத்தைப் பார்த்து என்ன பேசுகிறார் என்று பார்ப்பேன். ஜெய்ப்பூரில் அங்குஷ் மாதிரி ஒரு பையன் அப்படி ஆடினான் என்றால், தப்பு விட்டாலும் தன்னைத் தூக்கி எறிய மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கையை இங்கேயும் கொடுத்தால் தலைவாஸ் இந்தத் தடவை முதல் எட்டுக்குள் வரும் என்பது என் கணிப்பு. தப்பினால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

பவன் சேராவத்தைப் பற்றி எழுதாவிட்டால் தம்பி மகன் கோபித்துக்கொள்வான். 2022-இல் 2 கோடியே 26 லட்சத்துக்கு அவரை எடுத்தோம். முதல் ஆட்டம், குஜராத்துடன். ரெய்டர் அவர். ஆனால் பிடிக்கப் போனார். அந்த இடத்திலேயே முழங்கால் போனது, சீசனும் போனது. அன்றைக்கு நான் டிவியை அணைத்துவிட்டு வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். எதற்கு என்று வீட்டில் யாருக்கும் அப்போது சொல்லவில்லை. அப்புறம் அஷன் குமார் கோச்சாக வந்து, பெயர் தெரியாத சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே அரையிறுதி வரை போனோம், புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றோம். இப்போது அதே பவன் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கு நம்மிடம் திரும்பி வந்திருக்கிறார். ரெய்டு போகட்டும், நூறு ரெய்டு போகட்டும். பிடிக்கப் போக வேண்டாம் என்று பாலியான் ஐயா ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

நம் பக்கத்து மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் ஆடியபோது மேட், டிவி, ஏலம் எதுவும் இந்தப் பக்கத்தில் கிடையாது. நம் பிள்ளைகள் மண்ணில் விழுந்து எழுந்து ஆடினார்கள். இன்றைக்கு ஒரு கார்னர் பையனின் காலுக்கு லட்சங்களில் விலை வைக்கிறார்கள், பிசியோ என்று ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்த ஆள் நம் ஊர்க் கல்லூரி மைதானங்களிலும், மின்னொளிப் போட்டி நடக்கும் களங்களிலும் எப்போது வந்து உட்காருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போட்டி நடத்தும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் பரிசுத் தொகையில் ஆயிரம் ரூபாயைக் குறைத்து, முதலுதவி தெரிந்த ஒருவரையும் ஒரு ஐஸ் பெட்டியையும் களத்தின் ஓரத்தில் வையுங்கள். என் பெயரைப் போட்டு நன்கொடை ரசீது எழுதிக்கொள்ளுங்கள், தந்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு ஆட்டம். வீட்டில் ரிமோட் கிடைப்பது சந்தேகம். நேற்று சங்கரன்கோவிலுக்குப் பூ வாங்கப் போனபோது அந்தக் கடைக்குப் போனேன். எழுந்து நின்றான். இப்படி ஒரு பதிவு எழுதப்போகிறேன், உன்னைப் பற்றியும் வரும், பெயர் போட மாட்டேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டீ சொன்னான். அப்புறம், "வெள்ளிக்கிழமை கடையில பெரிய டிவி போடுதேன், வந்திருங்க சார்" என்றான். வருகிறேன் என்றேன்.

படியிறங்கும்போது பின்னால் குரல் வந்தது. "சார், இந்தத் தடவை சத்தம் போடாமப் பாக்கணும்."